செவிலியர் கல்வியும் ஆய்வுக் கட்டுரையும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து அம்மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பவரையும் நான்காம் உறுப்பாக வைத்தார். மருத்துவருக்குத் துணை என்று ஒதுக்கிவிடாமல் ஒத்த உறுப்பாகவே எண்ணினார் என்பது நோக்கத்தக்கது. இஸ்லாமிய வரலாற்றிலும் செவிலியர்க்குரிய இடம் சிறிதன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) அம்மையார் பள்ளிவாசலை அடுத்து அமைத்திருந்த கூடாரத்தில் வைத்துப் பேணுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. காயமுற்றோரைப் பேணிய அக்கூடாரத்தைச் செவிலியர் பணியின் தொடக்கமாகக் கொண்டு போற்றுவாரும் உளர்.

இத்தகு பெருமைக்குரிய கல்வியை நாடி நம் வட்டாரப் பெண்மக்கள் செல்வது மகிழ்ச்சிக்குரியது. கங்கைவரை படை நடத்திய சோழனின் விருதுப்பெயரைத் தாங்கிச் சிற்றாற்றங்கரையில் இருக்கும் கங்கைகொண்டான், இன்று தொழிற்பேட்டையாலும் புள்ளிமான் சரணாலயத்தாலும் அறியப்படுகிறது. அவ்வூரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் பேருந்தேறிச் சென்று செவிலியர் கல்வி பயிலும் மாணவியர்க்குப் பட்டப்படிப்பில் ஒரு பாடம் அச்சமூட்டுவதாக இருக்கிறது. ஆய்வியலும் புள்ளியியலும் என்னும் பாடமே அது. ‘உங்கள் தலைப்பையொட்டி ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றைத் திரட்டி வருக’ என்று ஆசிரியர் பணித்தால், நாளிதழ்த் துணுக்கு, பாடநூலின் பக்கம், மருந்து நிறுவனத்தின் விளம்பரத் தாள், கைப்பேசியில் வந்த செய்தி ஆகிய அனைத்தும் ஒரே கட்டாக வந்து சேர்கின்றன. இது மாணவியர் குற்றமன்று. ஆய்வுக் கட்டுரை எனப்படுவது யாது, அதனை எங்ஙனம் அடையாளங்காண்பது என்பதைத் தமிழில் அவர்க்கு எடுத்துரைத்தோர் குறைவு.

தமிழ்த் துறையினர்க்கு இதில் என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். ஒரு செய்தி எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது, இடையில் திரிந்ததா என்று ஆராய்வது எம் துறையின் அன்றாடத் தொழில். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடிகளைத் தேடித் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்து, எச்சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் தம் பதிப்புகளில் எழுதி வைத்தார். ‘இதுவே சரியான பாடம், என்னை நம்புக’ என்று அவர் சொல்லவில்லை. தாம் கண்டதைப் பிறரும் சரிபார்க்க வழிவிட்டார். ஆய்வுக் கட்டுரையின் உயிர்நிலையும் இதுவே.

கருஞ்சீரகமும் கைப்பேசியும்

நம் இல்லங்களில் அடிக்கடி நிகழும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கருஞ்சீரகம் நீரிழிவை அறவே நீக்கும் என்று ‘ஆய்வு கூறுவதாக’ ஒரு செய்தி கைப்பேசிகளில் உலவுகிறது. நீரிழிவால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் வாப்பா, செவிலியர் கல்வி பயிலும் மகளை அழைத்து, ‘ஊசியை நிறுத்திவிடலாமா?’ என்று கேட்கிறார். ஆம் என்று சொல்லி அவர் ஊசியை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஊறு நேரலாம். இல்லை என்று மட்டும் சொன்னால், மார்க்கத்தில் சிறப்பித்துச் சொல்லப்பட்ட ஒன்றை மகள் மறுக்கிறாளோ என்று மனம் வருந்துவார்.

இங்கே இரண்டு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நபிமொழியின்பால் நமக்குள்ள மதிப்பு ஒன்று. இந்த நோயாளிக்கு, இந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள், எம்மருந்தோடு சேர்த்து அல்லது எதற்கு மாற்றாக என்பது பிறிதொன்று. முன்னது ஈமானைச் சார்ந்தது. பின்னதற்கு விடை தேடுவது கற்றவர் கடமை. கருஞ்சீரகத்தின் தாவரவியற் பெயராகிய ‘நைஜெல்லா சட்டைவா’ என்பதை இட்டுத் தேடினால் கட்டுரைகள் மிகப்பல கிடைக்கும். அவற்றுள் ஆய்வகக் குடுவையில் செய்தவை உண்டு; எலிகளில் செய்தவை உண்டு; சிறு தொகையினரான மாந்தரிடத்துச் செய்தவையும் உண்டு. எலிக்குக் கொடுத்துக் கண்டதை வாப்பாவுக்கு உரியதாக்க இயலாது. இன்சுலினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது வேறு, இன்சுலினை நிறுத்திவிட்டுக் கொடுத்தது வேறு. இவ்வேறுபாட்டைக் கட்டுரையின் ஆய்வு முறைப் பகுதியே காட்டும். உலவும் செய்தி காட்டாது.

இது புதுமைக் கருத்தன்று. இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ பெருநூலில் மருந்தைச் சோதிப்பதற்கு விதிகள் வகுத்தபோது, சோதனை மனித உடலின்மேல் நிகழ்தல் வேண்டும், சிங்கத்தின் மீதோ குதிரையின் மீதோ கண்டது மனிதர்க்குப் பொருந்தாமற் போகலாம் என்றார். ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னதை நாம் கைப்பேசியைக் கண்டதும் மறந்துவிட்டோம்.

ஒரு கட்டுரையின் உடலமைப்பு

ஆய்வுக் கட்டுரை என்பது, ஆய்வு செய்தவர் தாமே, தாம் கேட்ட வினாவையும், விடை காண மேற்கொண்ட முறையையும், கண்ட முடிவையும் பிறர் சரிபார்க்கத்தக்க வகையில் எழுதி, துறையறிஞர் நோக்கியபின் இதழில் வெளியிடுவது ஆகும். இதில் ‘தாமே’ என்னும் சொல் இன்றியமையாதது. பாடநூல் பிறர் ஆய்வைத் தொகுத்துரைக்கிறது, நாளிதழ் அதனைச் சுருக்கிச் சொல்கிறது, ஆசிரியவுரை கருத்துரைக்கிறது. இவை பயனுடையனவே எனினும் முதல்நிலைச் சான்றாகா.

இலக்கணம் சொல்லி நிறுத்துவதைவிட ஓர் எடுத்துக்காட்டை விரித்துரைப்பது தெளிவு தரும். நம் மாநிலத்திலேயே, மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்து பணியாற்றிய டாக்டர் லைலா ரஹ்மத்துல்லா அவர்களை முதல் ஆசிரியராகக் கொண்டு 1990-ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தால் இறப்பு குறையுமா என்பதே அதன் வினா. நம் மாணவியர் தேடிப் பயிலத்தக்க கட்டுரைகளுள் இதனை முதன்மையாக வைப்போம்.

அதன் முகப்பில் ஆசிரியர்களின் பெயர்களும் அவர்கள் பணியாற்றும் நிறுவனங்களும் உள்ளன. அடுத்துச் சுருக்கம். பின்னர் முன்னுரை, ஆய்வு முறை, முடிவுகள், விவாதம் என்னும் பகுதிகள் முறையே வருகின்றன. இறுதியில் மேற்கோள் நூற்பட்டியல் அமைகிறது. பெரும்பாலான மருத்துவ, செவிலிய ஆய்வுக் கட்டுரைகள் இவ்வமைப்பையே உடையன. ஆகவே ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தவுடன் ஆய்வு முறை என்னும் பகுதி உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அஃதில்லையேல் பெரும்பாலும் அது முதல்நிலை ஆய்வன்று.

ரஹ்மத்துல்லா அவர்களின் கட்டுரையில் அப்பகுதி என்ன சொல்கிறது? திருச்சி மாவட்டச் சிற்றூர்களில் பள்ளிப் பருவத்தை எய்தாத 15,419 குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். எக்குழந்தை எப்பிரிவில் சேரும் என்பதை யாருடைய விருப்பமும் தீர்மானிக்கவில்லை; குலுக்கல் போன்றதொரு முறை தீர்மானித்தது. ஒரு பிரிவினர்க்கு வாரம் 8,333 அலகு வைட்டமின் ஏ-யும் அதனோடு வைட்டமின் ஈ-யும் கொடுத்தனர். மற்றப் பிரிவினர்க்கு வைட்டமின் ஈ மட்டும் கொடுத்தனர். எது யாருக்கு என்பது மறைத்து வைக்கப்பட்டது. நலவாழ்வுத் தொண்டர்கள் ஓராண்டுக் காலம் வாரந்தோறும் வீடு தேடிச் சென்று மருந்து கொடுத்து, நோயையும் இறப்பையும் பதிந்தனர். இரு பிரிவிலும் குறைந்தது நூற்றுக்கு 88 குழந்தைகளை வாரந்தோறும் சந்தித்ததாகக் கட்டுரை கூறுகிறது.

வைட்டமின் ஈ-யை இரு பிரிவினர்க்கும் ஏன் கொடுத்தனர் என்று மாணவியர் கேட்டல் வேண்டும். ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வெறுங்கையும் என்றிருந்தால், மருந்தைப் பெற்ற தாயின் கவனமும், கொடுத்த தொண்டரின் எதிர்பார்ப்பும் முடிவைச் சாய்த்திருக்கும். வாரந்தோறும் ஒருவர் வந்து நலம் விசாரிப்பதே ஒரு மருந்துதான். அது இரு பிரிவினர்க்கும் ஒருங்கே கிடைத்தமையால், எஞ்சிய வேறுபாட்டை வைட்டமின் ஏ-க்கு உரியதாக்க முடிந்தது. இச்சிறு நுணுக்கத்தை உணர்ந்த மாணவி, ஆய்வியல் பாடத்தின் பாதியைக் கற்றவள் ஆவாள் என்பது எம் கருத்து.

முடிவுகள் பகுதிக்கு வருவோம். ஓராண்டில் 125 குழந்தைகள் இறந்தனர். அவற்றுள் 16 விபத்தால் நேர்ந்தவை. வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பு வாய்ப்பு மற்றப் பிரிவினதைப்போல் 0.46 பங்கே இருந்தது. அதாவது பாதிக்கும் குறைவு. இவ்வெண்ணை அடுத்து 0.30 முதல் 0.71 வரை என்று இரண்டு எண்கள் காணப்படும். இதனை நம்பக இடைவெளி என்பர். ஆய்வு முற்றிலும் செம்மையாக நடந்திருப்பினும், தற்செயலால் உண்மை அளவு சற்று ஏறியோ இறங்கியோ இருக்கக்கூடும். அது இவ்விரு எல்லைகளுக்குள் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம் என்பதே பொருள். மோசமான எல்லையாகிய 0.71-ஐக் கொண்டாலும் நூற்றுக்கு 29 பங்கு இறப்பு குறைகிறது. எண்களைக் கண்டு அஞ்சும் மாணவியர் இவ்வளவு மட்டும் அறிந்தாற் போதும்: இடைவெளி 1 என்னும் எண்ணைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருந்தால், மருந்தால் பயன் விளைந்தது என்று அவ்வாய்வை மட்டும் கொண்டு துணிந்துரைக்க இயலாது.

ஒன்றைக் கண்டு அமையாமை

ஒரு கட்டுரையைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவது பெரும்பிழை. அதே 1990-ஆம் ஆண்டில், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதிலும் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். அதுவும் வைட்டமின் ஏ பற்றியதே. ஆனால் இரு பிரிவினரிடையே இறப்பில் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. இவ்விரண்டில் ஒன்று மெய், மற்றது பொய் என்று கொள்வது பேதைமை. ஐதராபாத் ஆய்வில் ஆறு திங்களுக்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகு பேரளவாகக் கொடுக்கப்பட்டது. திருச்சியில் உணவிலிருந்தே பெறத்தக்க அளவு வாரந்தோறும் கொடுக்கப்பட்டது. வினா ஒன்றுபோல் தோன்றினும் வேறு. தலைப்பை மட்டும் படிப்பவர்க்கு இவ்வேறுபாடு புலனாகாது.

கதை அத்துடன் முடியவில்லை. ரஹ்மத்துல்லா குழுவினர் 2003-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். தமிழகக் கிராமப்புறங்களில் பிறந்த 11,619 பச்சிளங் குழந்தைகளுக்கு முதலிரு நாள்களில் வைட்டமின் ஏ-யோ போலி மருந்தோ கொடுத்து ஆறு திங்கள் கண்காணித்ததில், இறப்பு நூற்றுக்கு 22 பங்கு குறைந்ததாகக் கண்டனர். நம் மண்ணில் நிகழ்ந்த ஆய்வு, நம்மவர் செய்தது, உலகப் புகழ் இதழில் வந்தது என்பதால் அதுவே இறுதித் தீர்ப்பு என்று மாணவி எழுதிவிடக் கூடும். ஆனால் உலக நலவாழ்வு நிறுவனம், பல நாடுகளின் ஆய்வுகளை ஒருங்குவைத்து நோக்கி, பச்சிளங் குழந்தைகளுக்கு இதனைப் பொதுத் திட்டமாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்று 2011-இல் வழிகாட்டியது. பின்னர் அரியானா மாநிலத்தில் 44 ஆயிரத்துக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடத்து நடைபெற்று 2015-இல் வெளிவந்த ஆய்விலும் ஐயத்துக்கிடமற்ற பயன் நிறுவப்படவில்லை. சற்று வளர்ந்த குழந்தைகளைப் பொறுத்தவரை, உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை உள்ளடக்கி 2013-இல் வெளிவந்த பேராய்வு இறப்பில் குறிப்பிடத்தக்க குறைவைக் காணவில்லை.

இதனால் 1990-ஆம் ஆண்டுக் கட்டுரை பொய்த்துவிட்டதா? இல்லை. ஊட்டக்குறைவும் கண்நோயும் மிக்கிருந்த ஒரு வட்டாரத்தில், ஒரு காலத்தில், ஒரு முறையில் கொடுத்தபோது கிடைத்த பயனை அது உண்மையாகவே சொல்கிறது. காலம், இடம், முறை ஆகிய எல்லைகளைத் தாண்டி அதனை இழுக்கலாகாது என்பதையே பின்வந்தவை உணர்த்துகின்றன. ஆகவேதான் ஒரு வினாவைப் பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் முறைவகுத்துத் தேடி எடைபோடும் முறைசார் மீளாய்வுக் கட்டுரைகளை மாணவியர் முதலிற் காண்பது நன்று. ‘காக்ரேன்’ என்னும் பெயரில் வெளிவரும் மீளாய்வுகள் இவ்வகையிற் பெயர்பெற்றவை. மீளாய்வு வாயிலாகத் தனி ஆய்வுகளுக்குச் செல்வது, ஊரின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குள் நுழைவதை ஒக்கும்.

தேடும் முறை

1879-இல் அமெரிக்கப் படைமருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் அச்சட்டவணை, 2004 வரை தடித்த தொகுதிகளாக நூலகங்களில் அடுக்கப்பட்டிருந்தது. பெருநகரில் இல்லாதவர்க்கு அது எட்டாக்கனி. அதன் வழித்தோன்றலாகிய ‘பப்மெட்’ 1997 முதல் எவர்க்கும் கட்டணமின்றித் திறந்து கிடக்கிறது. மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் அதில் உள. கங்கைகொண்டான் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மாணவியின் கைப்பேசியிலும் அது விரியும். செவிலியர்க்கே உரிய அட்டவணையாக 1961 முதல் வெளிவரும் ‘சினால்’ சிறப்புடையது. ஆயின் நூலகம் சந்தா செலுத்தியிருந்தாலன்றிக் கிடைக்காது. ‘கூகுள் ஸ்காலர்’ பரந்தது. ஆனால் ஆய்வேடு, நூல், தரமற்ற இதழ் யாவற்றையும் கலந்தே தரும். முதலில் பப்மெட், பின்னர் ஸ்காலர் என்ற வரிசையை நாம் பரிந்துரைப்போம்.

வினாவை அப்படியே இட்டுத் தேடலாகாது. யாருக்கு, என்ன செய்தால், எதனோடு ஒப்பிட, என்ன விளைவு என்று நான்காகப் பிரித்தல் வேண்டும். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் ‘கங்காரு’ முறை உயிர் காக்குமா என்பது வினாவானால், யாருக்கு என்பது எடை குறைந்த குழந்தை, என்ன செய்தால் என்பது கங்காரு முறை, ஒப்பீடு வழக்கமான கவனிப்பு, விளைவு இறப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லையும் அதன் மாற்றுச் சொற்களையும் தாளில் எழுதிக்கொள்க. ஒரே பொருளுடைய சொற்களிடையே ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஆர்’ என்னும் ஆங்கில இணைப்பையும், வெவ்வேறு பொருளுடையவற்றிடையே ‘மற்றும்’ எனப் பொருள்படும் ‘அண்ட்’ இணைப்பையும் இடவேண்டும். முன்னது வலையை விரிக்கும், பின்னது சுருக்கும். பப்மெட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘மெஷ்’ எனப்படும் பொருள் தலைப்பு வகுக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் எச்சொல்லை ஆண்டிருந்தாலும் அத்தலைப்பின்கீழ் கட்டுரை வந்துசேரும். நிகண்டு ஒரு பொருட்குப் பல பெயர்களைத் தொகுத்து வைத்ததைப் போல என்க. இவ்வாறு தேடுவோர்க்கு, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடைபெற்று 2021-இல் வெளிவந்த ஆய்வு எளிதிற் புலப்படும். பிறந்தவுடனேயே கங்காரு முறையைத் தொடங்கியதால் 28 நாள்களுக்குள் நேரும் இறப்பு நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது என்பது அதன் முடிவு. விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாத அந்த முறையை வார்டில் நடைமுறைப்படுத்துவோர் செவிலியரே.

கட்டுரையின் சுருக்கம் கிடைத்தும் முழுமை கிடைக்காமற் போவது பலர்க்கும் நேர்வது. சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் பழக்கம் நம்மிடையே பரவியுள்ளது, அது கண்டிக்கத்தக்கது. இலவச முழுக்கட்டுரை என்னும் வடிகட்டியை அழுத்தினால் கட்டணமின்றிக் கிடைப்பவை மட்டும் வரும். 1913 முதல் வெளிவரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழை எவரும் படிக்கலாம். செவிலியர்க்கென 1910-இலேயே தோன்றிய ‘நர்சிங் ஜர்னல் ஆஃப் இண்டியா’வும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியிலிருந்து வெளிவரும் இதழும் நம் நாட்டுச் சூழலை அறிய உதவுவன. மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 சனவரி முதல் நாள் தொடங்கி, முப்பது பதிப்பகத்தாரின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. தனியார் கல்லூரி மாணவியர் இத்திட்டத்தின் வரம்புக்குள் வாராமை வருத்தத்திற்குரியது. செவிலியர் கல்வி பெரிதும் தனியார் கல்லூரிகளிலேயே நடைபெறும் நம் மாநிலத்தில், வேண்டியோர்க்கே கதவு அடைபட்டிருக்கிறது. அவர்கள் கட்டுரையின் முகப்பில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு எழுதி ஆசிரியரிடமே ஒரு படி வேண்டலாம். பலர் மகிழ்ந்து அனுப்புகின்றனர். இதில் கூச்சப்பட ஏதுமில்லை.

அறிவிப்பாளர் வரிசை

நம் மத்ரஸாக்களில் பயின்றோர்க்கு ஹதீஸ் கலையின் நுட்பம் தெரியும். ஒரு செய்தியின் வாசகம் எவ்வளவு அழகாக இருப்பினும், அதனை யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் ‘இஸ்னாத்’ வரிசை இல்லையேல் இமாம்கள் ஏற்கவில்லை. வரிசையில் வரும் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோட ‘அஸ்மாஉர் ரிஜால்’ என்றே ஒரு கலை வளர்ந்தது. ஆய்வுக் கட்டுரையின் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியலும், துறையறிஞர் முன்னோட்டமும், நிதியளித்தவர் பெயரும், அறக்குழு ஒப்புதலும் இவ்வெச்சரிக்கையையே நினைவூட்டுகின்றன. இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் கேட்டதை எல்லாம் பரப்பாமல் வழியைக் கேட்கும் பண்பு நம் சமுதாயத்துக்குப் புதியதன்று என்று பெரியோர்க்கு நினைவூட்டுவது தகும்.

துறையறிஞர் நோக்கிய கட்டுரையும் தவறலாம். கொரோனாக் காலத்தில், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி 2020 மே 22-ஆம் நாள் லான்செட்டில் வந்த கட்டுரையின் தரவுகளைச் சரிபார்க்க இயலாமற்போகவே, சூன் 4-ஆம் நாள் அது திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையே உலக நலவாழ்வு நிறுவனம் அம்மருந்தின் சோதனையை இடைநிறுத்தியும் இருந்தது. இவ்வாறு திரும்பப் பெறப்பட்டவற்றைப் பப்மெட் முகப்பிலேயே குறித்துக் காட்டும். மாணவியர் அக்குறிப்பைக் கவனியாது மேற்கோள் காட்டலாகாது.

இதனினும் தீயது போலி இதழ்களின் பெருக்கம். பணம் செலுத்தினால் ஓரிரு நாளில் வெளியிடும் இதழ்கள் நம் நாட்டில் மலிந்துள்ளன. பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 2018-இல் நான்காயிரத்துக்கு மேற்பட்ட இதழ்களை ஒருசேர நீக்கியது. அடுத்து வகுத்த ‘கேர்’ பட்டியலையும் 2025-இல் கைவிட்டு, மதிப்பிடும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. ஆகவே பட்டியலைப் பார்த்து அமைதிகொள்ளும் காலம் போயிற்று. ஆசிரியர் குழுவில் இருப்போர் உண்மையில் அத்துறையினரா, இதழ் பப்மெட் போன்ற அட்டவணைகளில் இடம்பெற்றுள்ளதா, வந்த நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் இடையே போதிய காலம் உள்ளதா என்று மாணவியே பார்த்தல் வேண்டும். மருந்துச் சோதனையானால், 2007-இல் தொடங்கப்பட்டு 2009 முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண் உள்ளதா என்று தேடுக. பல்கலைக்கழகக் களஞ்சியத்திலுள்ள முதுநிலை ஆய்வேடுகள் தலைப்பைத் தெரிந்துகொள்ளவும் வினாநிரல் அமைப்பைக் காணவும் உதவும். ஆய்வேடு ஆய்வுக் கட்டுரையன்று என்பதை மறவற்க. ஓர் ஆய்வேட்டிலிருந்து மற்றோர் ஆய்வேடு படியெடுக்கப்படும் அவலத்தை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

செவிலியரும் ஆய்வாளரே

பிறர் ஆய்வைப் படிப்பதோடு செவிலியர் பணி முடிவதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளிகளை மருத்துவமனையில் ஓராண்டு வைத்திருப்பதும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதும் ஒத்த பயன் தருமா என்று ஆராய்ந்து, 1959-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் வெளியிட்டது. வீட்டு மருத்துவம் பெரிதும் பின்தங்கவில்லை. வீட்டிலிருந்த பிறர்க்கும் அதனாற் கூடுதல் தீங்கு நேரவில்லை. படுக்கைகள் போதாத ஏழை நாடுகளின் காசநோய்த் திட்டங்களை இது மாற்றிற்று. அவ்வாய்வில் நோயாளிகளின் குடிசைகளுக்குச் சொல்லாமற் சென்று, மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதனைக்குப் பெற்று வந்தோர் களப்பணியாளர்களே. அவர்கள் குறிப்பேட்டில் பிழை இருந்திருப்பின், அக்கட்டுரையின் எண்கள் யாவும் பிழைத்திருக்கும்.

நம் மாணவியர் இறுதியாண்டில் சிறு ஆய்வு ஒன்றைச் செய்கின்றனர். கங்கைகொண்டான் போன்ற ஊர்களில் வீடுவீடாகச் சென்று, தாய்மார்களிடம் வினாநிரலைப் படித்துக் காட்டி, விடை பெறுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு அறநெறிகளின்படி, அறக்குழுவின் ஏற்பும், பங்கேற்பவர்க்கு விளங்கும் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவமும் இன்றியமையாதன. நடைமுறையில் ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, தாய்க்கும் புரியாமல் மாணவிக்கும் புரியாமல் கைந்நாட்டு மட்டும் வாங்கப்படுவதுண்டு. மறுத்தாலும் மருத்துவ உதவியில் குறைவு வாராது என்னும் வரி அப்படிவங்களில் எங்கோ மறைந்து கிடக்கும். அதுவே முதல் வரியாக வருதல் வேண்டும்.

இப்படிவங்களையும் வினாநிரல்களையும் நெல்லை வட்டார மக்களுக்கு விளங்கும் எளிய தமிழில் அமைக்க எம் துறை ஆசிரியர்கள் ஆயத்தமாக உள்ளனர். குலுக்கல் ஒதுக்கீடு, மறைப்பு, நம்பக இடைவெளி, முறைசார் மீளாய்வு முதலிய கலைச்சொற்களுக்குச் செவிலிய ஆசிரியர்களோடு கலந்து ஒரு சொற்பட்டி தொகுக்கவும் எண்ணியுள்ளோம். படிவம் எழுத வேண்டுவோர் அறக்குழுவுக்கு அனுப்புவதற்கு இரு வாரம் முன்னரே, ஆங்கிலப் படியுடன் எம் துறைக்கு வருக.